ஒண்ணை அமுக்கு, மக்கா

எங்கள் ஆபீஸில் இப்போது அலாரம் பேசுகிற குரல் யாருடையதும் அல்ல. கணினியே ஒரு குரலை உண்டாக்கிப் பேசுகிறது. தமிழ் வேண்டுமென்றால் தமிழ், மலையாளம் வேண்டுமென்றால் மலையாளம். அதற்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தது மாமியின் குரல், அதாவது என் குரல், என்று அங்கே வேலை பார்க்கிற அஜிதா புதிதாக வந்த பிள்ளைகளிடம் சொன்னாளாம். அவர்கள் நம்பவில்லையாம். ஆண்டு மலரில் போடலாம், நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். எனக்கு எழுத என்ன உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் நான் வேலை பார்த்தது அண்டி ஆபீஸில். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலை இல்லை. அது என் குணத்துக்குப் பொருத்தம். நாலு பேர் பார்க்கப் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்டி ஆபீஸைப் பூட்டிய பிறகு, பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் தூத்துத் துடைத்துச் சாயா போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கீழே தையல் கடை, மேலே ஆபீஸ். நான் கடைசி வரை இருந்தது அங்கேதான்.

ஆபீஸை நடத்தியது ரெஜினா மேடம். காஞ்சிரங்குளத்துக்குக் கீழே கடற்கரையில் பிறந்த பெண். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். மேடம் என்னைவிட எவ்வளவோ இளையவள். ஆனாலும் நான் மேடம் என்றும் அவள் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்றும் விளிப்போம். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "என்ன நடந்துது?" என்று கேட்பாள். சொல்லி முடித்ததும் "அப்பொறம்?" என்பாள். அதற்கும் சொன்னால் மறுபடியும் "அப்பொறம்?" ஏசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த அப்பொறத்தைத் தாங்க முடியாது என்று ஷாஜி சொல்வான்.

பிள்ளைகள் மூன்று பேர். ஷாஜி நெய்யாற்றின்கரையிலிருந்து ரயிலில் வருவான். அஜிதா அதியன்னூர்க்காரி. விபின் பக்கத்து ஊர். அவன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவன். அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனதும் வேலையை விட்டுவிட்டு வந்தான். காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு ஆபீஸ் வருவான்.

அவர்கள் செய்த வேலையை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை என்று பல இடங்களுக்கும் கணினி வேண்டும். சொந்தமாக வாங்கி வைக்காமல், எங்கேயோ தூரத்தில் பெரிய கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கிற கணினிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்குத்தான் கிளவுட் என்று பெயர். மேகம் என்று அர்த்தமாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்த வாடகைக் கணினிகள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாறசாலையில் இருந்துகொண்டே பார்ப்பதுதான் இவர்கள் வேலை. சுவரில் பெரிய ஸ்கிரீன். அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலை. பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் கூட்டம் ஏறுகிறது. சிவப்பு என்றால் நின்றுபோச்சு.

எங்களுக்கு முக்கியமான கட்டம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டோக்கன். பெயர் வேண்டாம். டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே போனில் நம்பர் எடுப்பார்கள், வாசலில் உள்ள மெஷினிலும் எடுப்பார்கள். அது நின்றால் அங்கே வாசல் நிறைந்துவிடும். ஆபீஸ் ஓடியது பாதிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரியால்தான்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடக் கீழே போகும்போது ஸ்கிரீனுக்கு முன்னால் ஆள் இருக்காது. ஒரு நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, சேச்சி, இது சிவப்பானால் இந்த போனை எடுத்து ஷாஜியை விளியுங்கள், அவ்வளவுதான் என்றாள். சிவப்புக்குப் பயமில்லை, போனுக்குத்தான் பயம். என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்களையில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிஜமாகவே சிவப்பு வந்து, ஷாஜி ஹலோ என்றதும், எல்லாம் மறந்துபோச்சு. ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். அவன் சோற்றுக் கையோடு படியேறி ஓடி வந்தான். ஆபீஸ் போனிலிருந்து விளித்துப் பேசாமல் வைக்கிற ஆள் வேறு யார் என்றான். கொஞ்ச காலம் அதுவே முறையாக இருந்தது. போன் வந்து சத்தம் இல்லையென்றால் சிவப்பு.

பிறகு பேசப் பழகினேன். மத்தியானத்துக்கு மட்டும் என்று வைத்தது காலையும் சாயங்காலமும் என்று ஆயிற்று. மஞ்சள் வந்தால் அஜிதாவிடம் சொல்வேன். அவள் இன்னொரு கணினியை வாடகைக்குச் சேர்ப்பாள். கூட்டம் குறைந்தால் விட்டுவிடுவாள். சிவப்பு வந்தால் விபினிடம் சொல்வேன். அவன் நிறுத்தி மறுபடி ஓட விடுவான். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. ஒரே காரியத்துக்கு ஒரே பதிலைத்தான் செய்கிறோம் என்றால் அதை அலாரமே, அதாவது ஸ்கிரீனில் நிறத்தை மாற்றுகிற அந்த ஏற்பாடே, செய்யட்டும், மனுஷர் எதற்கு இடையில் என்றாள். என் வேலை போச்சு என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாயா போட அலாரத்துக்குத் தெரியாது என்றாள்.

வெள்ளைப் பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் 'வந்தால்', அந்தப் பக்கம் 'செய்'. மஞ்சள் வந்தால் ஒரு கணினியைச் சேர். மஞ்சள் போனால் ஒன்றை எடு. சிவப்பு வந்தால் நிறுத்தி ஓட விடு. எழுதி முடித்த ஒவ்வொரு வரிக்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பாள். அது நடக்கவில்லை என்றால்? அப்பொறம்? பலகை நிறைந்து சுவருக்குப் போய்விடுமோ என்று பயந்தேன், துடைக்க வேண்டியது நானல்லவா.

முதல் நாள் ஓட விட்டபோது நல்ல வேடிக்கை. கூட்டம் ஏறியது, அலாரம் தானே ஒரு கணினியைச் சேர்த்தது. சேர்த்ததும் நெருக்கடி குறைந்தது. குறைந்ததும் இன்னொரு அலாரம், ஓ கூட்டமில்லை என்று அதே கணினியை எடுத்துப் போட்டது. எடுத்ததும் கூட்டம். மறுபடி சேர்த்தது. மறுபடி எடுத்தது. மருமகள் கொண்டு வைத்த செம்பை மாமியார் எடுத்து உள்ளே வைக்கிற மாதிரி அன்று முழுக்க இரண்டு அலாரமும் அதே வேலையாக இருந்தன. மேடம் பார்த்துக்கொண்டே சாயா குடித்தாள். பிறகு பலகையில் திருத்தினாள். சேர்க்கிற அளவும் எடுக்கிற அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது, நடுவில் நல்ல இடைவெளி வேண்டும், சேர்த்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அதோடு சண்டை தீர்ந்தது.

மீதி இருந்தது, நிறுத்தி ஓட விட்டும் சரியாகாத சிவப்பு. அதற்கு மனுஷர் வேண்டும். அலாரமே முறை வைத்து விளிக்கும். முதலில் அன்றைய டியூட்டிக்காரர். போனை எடுத்தவர் ஒன்று என்ற எண்ணை அமுக்கினால், ஆள் பார்க்கிறார் என்று அலாரம் தெரிந்துகொள்ளும். ஸ்கிரீனில் சிவப்புக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரும். அமுக்கவில்லை என்றால் அடுத்த ஆளை விளிக்கும்.

"ஆரும் அமுக்கல்லேன்னா?" என்று மேடம் கேட்டாள்.

யாரும் இல்லை என்றால் அலாரம் காத்திருக்காது. டோக்கன் வேலையை வேறொரு ஊரில் தயாராக வைத்திருக்கிற இரண்டாவது கணினிக்கு மாற்றிவிடும். அதுதான் பலகையில் கடைசி வரி. மேடத்துக்கு அந்த வரியில் நல்ல திருப்தி. அதற்கு மேல் அவள் அப்பொறம் கேட்கவில்லை.

விளிப்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் இங்கிலீஷில் ஒரு பெண் குரல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எடுப்பார்கள், லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆள் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். மேடமே ஒரு தடவை வைத்தாள். விபின்தான் யோசனை சொன்னான். மாமி விளித்தால் நாங்கள் வைக்க மாட்டோம், மாமி குரலைப் பிடித்துப் போடுங்கள் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அஜிதா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ரயில் சத்தம் விழாமல் இருக்க, சாமான் வைக்கிற அறையில் கதவைச் சாத்தி, என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். பார்க்க ஆளில்லை என்றால் எனக்குப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். இப்படிச் சொன்னேன்: "மக்கா, மாமியாக்கும் பேசுகேன். ஆஸ்பத்திரி டோக்கன் நின்னு போச்சு. கொஞ்சம் பாத்துடு மக்கா. பாக்குகேன்னா போன்ல ஒண்ணை அமுக்கு." அவ்வளவுதான். ஒரே தடவையில் சரியாக வந்தது. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தாள் மேடம்.

சில வாரம் நன்றாகவே போயிற்று. சிவப்பு வரும், அலாரமே நிறுத்தி ஓட விடும், பச்சையாகும். விளிக்க வேண்டி வரவே இல்லை. அதனால் போனில் வந்தால் என் குரல் எப்படி இருக்கும் என்று யாரும் அறியவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு முழுக்கக் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்ட ஜனம் எல்லாம் நம்பர் எடுக்கிற நேரம். மேடம் அண்ணன் மகளுக்கு ஆதி குர்பானை, கோயிலில் முதல் நற்கருணை, என்று வீட்டில் இருந்தாள். விளிக்கிற முறையில் அன்று அவள் பெயர் இல்லை. பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்திருந்தாள். டியூட்டி விபினுக்கு. வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

டோக்கன் நின்றது. அலாரம் நிறுத்தி ஓட விட்டது, சரியாகவில்லை. விபினை விளித்தது. பிறகு அஜிதாவை, பிறகு ஷாஜியை. மூன்று பேர் பெயரும் ஸ்கிரீனில் வரவில்லை. யாரும் இல்லை என்று அலாரம் தீர்மானித்து, கடைசி வரியில் எழுதியிருந்தபடி வேலையை அடுத்த ஊர்க் கணினிக்கு மாற்றியது. அதே நேரத்தில் விபின் பழைய கணினியில் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து ஓட விட்டான். அதுவும் நம்பர் கொடுத்தது, இதுவும் நம்பர் கொடுத்தது. ஒரே நம்பரோடு ஒரே டாக்டர் வாசலில் இரண்டு இரண்டு பேர். அவரவர் போனைத் தூக்கிக் காட்டி நான்தான் முதலில் என்று நிற்கிறார்கள். நர்ஸுமார் பாவம். கடைசியில் ஒரு டாக்டர், ஒரு நம்பருக்குரிய இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒருத்தர் வியாதியை ஒருத்தர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். யாருக்கும் ஆபத்து வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மானம் போச்சு.

ஆஸ்பத்திரி மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான். டியூட்டியில் இருந்த ஆள் போனைக் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கியிருக்கிறான். பிறகு பதறி எழுந்து, அலாரம் மாற்றிவிட்டதைப் பார்க்காமல் பழையதைத் திறந்துவிட்டிருக்கிறான். ஒண்ணை அமுக்குவது ஒரு பெரிய வேலையா? புதன்கிழமை நேரில் வருவேன், அந்த ஆள் பெயரை எழுதித் தர வேண்டும், அவன் இனி எங்கள் வேலையைத் தொடக் கூடாது.

ஆஸ்பத்திரி வேலையைத் தொடக் கூடாது என்றால் எங்கள் ஆபீஸில் விபினுக்கு வேறு வேலை இல்லை. திரும்பப் பெங்களூர்தான். அப்பாவை யார் தூக்குவார்கள்?

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் சாயாவோடு வாசலில் நின்றேன்.

"என்ன நடந்துது?"

"போன் வந்துது அக்கா. உடனே எடுத்தேன். கேட்டேன். அப்பவே உக்காந்து பாக்கத் தொடங்கியாச்சு. பிழையைக் கண்டுபிடிக்க நேரம் ஆச்சு, அவ்வளவுதான்."

"அப்பொறம் ஏன் ஒண்ணை அமுக்கல்ல?"

விபின் தலை குனிந்தான். "நான் சொன்னேன் அக்கா."

"என்ன சொன்ன?"

"இதா பாக்குகேன் மாமின்னு சொன்னேன்."

"ஆருட்ட?"

"மாமிட்ட."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரத்தில் வீட்டில் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தவள்.

"அது பதிவு பண்ணி வச்ச சத்தம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. தெரிஞ்சுதான் இருந்துது. மாமி பேசினதும் வாய் தானாச் சொல்லிட்டுது. சொன்ன பிறகு வேலை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிட்டுது. வச்சுட்டேன்."

மேடம் மற்ற இருவரிடமும் கேட்டாள். எடுத்தேன், சிக்னல் போயிட்டுது என்றாள் அஜிதா. ரயிலில் ஒன்றும் கேட்கவில்லை என்றான் ஷாஜி. இருவரும் முகத்தைத் தூக்கிப் பேசவில்லை. விபின் சொன்னது தனியாக நின்றது. கேட்கிற யாருக்கும் அது அப்போதைக்குக் கட்டிச் சொன்ன கதை மாதிரிதான் இருக்கும். மேடம் வழக்கமான அப்பொறத்தைக்கூடக் கேட்காமல் எழுந்து போனாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் சத்தத்தால்தானே அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி என்று இருந்தது. மறுநாள் எல்லாரும் வருவதற்கு முன்னால் மேடம் அறைக்கு முன்னால் போய் நின்றேன். கூப்பிடாமல் நான் அந்த அறைக்குப் போனது அன்றுதான். துடைக்க வந்தீர்களா சேச்சி என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்சமும் அவசரப்படுத்தவில்லை.

"மேடம், அவன் சொன்னது நெசமாக்கும். நான் எதைச் சொன்னாலும் வாறேன் மாமின்னு சொல்லாம அவன் போன வைக்க மாட்டான். ஷாஜியும் அப்படித்தான், அஜிதாவும் அப்படித்தான். எனக்க சத்தத்தை எடுத்துருங்க. அந்தப் பிள்ளையை விட்டுருங்க."

சொல்லி முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் நம்புகேன் சேச்சி. ஆனா மேனேஜர் நம்பணும் இல்லியா?" என்றாள். பிறகு, "நாளைக்கு அவரு வரும்போ சாயா நீங்கதான் கொண்டு வரணும். வந்துட்டுப் போயிரப் பிடாது, அங்கேயே நிக்கணும்" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மேனேஜர் வந்தார். நல்ல உயரம், தேய்த்த சட்டை. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். சாயாவைத் தொடவில்லை. பெயர் எங்கே என்றார். விபின் மூலையில் நின்றான். மேடம் பொறுமையாக, பெயர் தருவதற்கு முன்னால் அன்று வந்த விளியை நீங்களும் ஒரு தடவை கேட்க வேண்டும், முதல் ஆளாக உங்கள் நம்பரையும் இரண்டாவதாக என் நம்பரையும் போட்டிருக்கிறேன், சோதனைக்கு வைத்த ஒரு கட்டத்தைச் சிவப்பாக்குகிறேன், அலாரம் விளிக்கும், மற்ற எல்லாம் திங்கட்கிழமை மாதிரியே என்றாள். எனக்கு எதற்கு இதெல்லாம் என்றார். இருந்தாலும் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது, எங்கேயோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. மக்கா, மாமியாக்கும் பேசுகேன். எனக்கு உடம்பு கூசியது. ஓடவும் முடியாது, மேடம் நிற்கச் சொல்லியிருக்கிறாள்.

மேனேஜர் முகத்தில் இருந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"ஆ, செரி அம்மே. ஞான் இப்போ நோக்காம்," என்றார், இப்போதே பார்க்கிறேன் என்று. போனைச் சட்டைப் பையில் போட்டார்.

பிறகு மேடத்தைப் பார்த்து, "சத்தம் தெளிவாத்தான் உண்டு. ஒரு குறையும் இல்லை. அப்பொறம் என்ன?" என்றார்.

மேஜை மேல் இருந்த மேடத்தின் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் எடுக்காமல் அடிக்க விட்டாள்.

"இது ஆரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"சாரை விளிச்ச அதே ஆளுதான். சாரு தூங்கிட்டாருன்னு நெனச்சு என்னை விளிக்குது."

அவர் பையிலிருந்து போனை எடுத்து உற்றுப் பார்த்தார். முதலில் சிரித்தது அஜிதா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், அடக்க முடியாமல், "நானும் வாறேன் மாமின்னுதான் சொன்னேன் அக்கா. மெஷின்ட்ட பேசினேன்னு சொல்ல வெக்கமா இருந்துது" என்றாள்.

ஷாஜி இன்னும் மோசம். "நான் ரயில்ல எழும்பி நின்னு சொன்னேன். இருந்த சீட்டும் போச்சு," என்றான்.

மேனேஜர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். இவர்தானா என்று மேடத்திடம் கண்ணால் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"பேரு வேண்டாம். எழுதினா எனக்க பேரையும் சேத்து எழுதணும்," என்றார். எழுந்தபோது குரல் மறுபடி கண்டிப்பாகிவிட்டது. இன்னொரு திங்கட்கிழமை இப்படி நடந்தால் காரணம் எதையும் கேட்க மாட்டேன், அடுத்த தடவையும் டியூட்டி இதே ஆளுக்கே இருக்கட்டும், பார்ப்போம் என்றார். விபின் சரி என்றான்.

அன்றே மேடம் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதலில் கடைசி வரியைத் திருத்தினாள். வேறு ஊர்க் கணினிக்கு மாற்றுவதற்கு முன்னால் பழைய கணினியை அலாரம் பூட்ட வேண்டும், பூட்டு விழுந்தது என்று உறுதியான பிறகுதான் அடுத்த ஊர்க் கணினியைத் திறக்க வேண்டும். இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும், கடைசி வரி என்று விட்டுவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. இந்தக் குரல் வந்தால் ஆள் எழும்புகிறான், அது போதும், ஆனால் இவ்வளவு பாவமாகப் பேசக் கூடாது சேச்சி, கொஞ்சம் அதட்ட வேண்டும் என்றாள்.

அதட்ட எனக்கு எங்கே வரும்? சாமான் அறையில் சுவரைப் பார்த்து நின்று எத்தனையோ தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அஜிதா கேட்டுவிட்டு, மாமி, இப்பவும் எனக்கு வாறேன்னு சொல்லத்தான் தோணுது என்றாள். வேலிக்குள் ஆடு புகுந்ததாக நினையுங்கள் என்றாள். நினைத்தேன். ஆட்டிடமும் நான் அப்படித்தான் பேசுவேன். பால் பொங்குகிறதாக நினையுங்கள் என்றான் ஷாஜி கதவுக்கு வெளியிலிருந்து. பால் பொங்கினால் நான் பேசவே மாட்டேன், அடுப்பைத்தான் அணைப்பேன்.

விபின் உள்ளே வந்து, அதட்ட வேண்டாம் மாமி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, நான் பதில் சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியுமில்லியா, அதைச் சொல்லுங்க என்றான். பிறகு சுவரைப் பார்த்து இப்படிச் சொன்னேன்:

"மக்கா, முதல்ல ஒண்ணை அமுக்கு. எனக்கிட்ட பதில் சொல்லாதே. நீ சொன்னா எனக்குக் கேக்காது. ஒண்ணை அமுக்கு, மக்கா. அமுக்கிட்டியா? ஆஸ்பத்திரி டோக்கன் நின்னு போச்சு. போய்ப் பாரு."

அஜிதா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். இது போதும் என்றாள்.

அடுத்த சில திங்கட்கிழமைகள் பச்சையாகவே போயின. எல்லாரும் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டோம். மழை விட்டுக் காய்ச்சல் பரவிய சமயம் ஒரு திங்கட்கிழமை, நான் மட்டும் ஆபீஸில் இருந்தேன். தூத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது டோக்கன் கட்டம் மஞ்சள். அலாரம் தானே ஒரு கணினியைச் சேர்த்தது. இன்னொன்றையும் சேர்த்தது. இருந்தும் சிவப்பாகிவிட்டது. நிறுத்தி ஓட விட்டது. சிவப்பு. இனி விளிக்கும். விபின் வீட்டில் இப்போது போன் அடிக்கும்.

துடைப்பத்தைப் பிடித்தபடி ஸ்கிரீனுக்கு முன்னால் நின்றேன். ஆபீஸ் போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நானே அவனை விளித்துவிட்டால் என்ன என்று கை நீண்டது. விளித்தால் அவன் லைன் கிடைக்காது, அலாரம் பேசுவதற்கு நான் குறுக்கே விழுந்த மாதிரி ஆகும். கையை இழுத்துக்கொண்டேன். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். சிவப்பு. பக்கத்தில் பெயர் இல்லை. எடுத்திருப்பான், கேட்டுக்கொண்டிருப்பான், வாறேன் என்று சொல்லி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, பெயர் வருகிற இடத்தையே பார்த்தேன்.

சிவப்புக்குப் பக்கத்தில் அவன் பெயர் வந்தது.

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பச்சையாகக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனால் எனக்குப் பயமில்லை. அஜிதாவுக்கும் ஷாஜிக்கும் விளி போகவில்லை. அடுத்த ஊர்க் கணினி அசையவில்லை. கட்டம் மஞ்சளாகி, பச்சையாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆபீஸ் போன் அடித்தது. விபின்.

"மாமி, ஒண்ணை அமுக்கினேன்."

"பாத்தேன் மக்கா. பேரு வந்துது."

"அமுக்கிட்டு, பாக்குகேன் மாமின்னும் சொன்னேன். கேட்டுதா?"

அவன் பின்னால் அப்பா ஏதோ கேட்பதும், சரியாயிட்டுது அப்பா என்று அவன் திரும்பிச் சொல்வதும் கேட்டது.

"கேட்டுது மக்கா," என்றேன்.